இரண்டு மணி வரிசை

கேள்வித்தாளின் பதின்மூன்றாவது கேள்வியை ஜெசிந்தா எழுத ஆரம்பித்தபோது மணி பத்து நாற்பத்தைந்து. சுலபமான கேள்வி. போன மாதம் ஒரு சனிக்கிழமை வகுப்பில் நடத்தியது, அன்றைக்கு இருந்த தூக்கக் கலக்கத்திலும் இது மட்டும் எப்படியோ மண்டையில் ஏறியிருந்தது. ஒரு பட்டியலை வரிசைப்படுத்தும்போது சம மதிப்புள்ள இரண்டு பேர் வந்தால், அவர்கள் முன்பு நின்ற வரிசையிலேயே நிற்பார்களா, இடம் மாறிவிடுவார்களா? பழைய வரிசையைக் காப்பாற்றும் முறை எது, காப்பாற்றாத முறை எது, எடுத்துக்காட்டுடன் விளக்குக, பதினாறு மதிப்பெண். எடுத்துக்காட்டுக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை எடுத்துக்கொண்டாள். பிள்ளைகளை முதலில் உயரப்படி நிறுத்துகிறோம், பிறகு வகுப்புவாரியாகப் பிரிக்கிறோம், நல்ல முறையாக இருந்தால் ஒவ்வொரு வகுப்புக்குள்ளும் குட்டையான பிள்ளை முன்னால், நெட்டையான பிள்ளை பின்னால் என்ற ஒழுங்கு குலையாமல் இருக்கும், இன்னொரு முறை இருக்கிறது, அது வேகமானது, ஆனால் அது வகுப்பை மட்டுமே பார்க்கும், உயரத்தை மறந்துவிடும். மறந்துவிடும் என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்த இடத்தில் பேனா நின்றது. மை ஊறிப் புள்ளி பெரிதாகிக்கொண்டே போவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். வேகமானது. நேற்றுச் சாயங்காலம் ஆபீஸில் அவள் செய்ததும் வேகமானதுதான். மூன்று விநாடி எடுத்துக்கொண்டிருந்த பட்டியல் கண் இமைக்கும் நேரத்தில் திறந்தபோது, அவளுடைய குழுவுக்குத் தலைவரான பத்ரிநாத் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, "பரவாயில்லையே ஜெசி, எம்.டெக். வேலை செய்யுதே" என்றார். இந்தப் பதினான்கு மாதத்தில் அவர் அவளைப் பாராட்டிய ஒரே தடவை அது. வகுப்பை மட்டும் பார்க்கும். உயரத்தை மறந்துவிடும்.

இல்லை, இருக்காது, அவசரப்படாதே, முதலில் எழுதி முடி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அடுத்த வரிக்குப் போனாள். ஆனால் அடுத்த வரி வரவில்லை. நேற்றைய திரைதான் வந்தது. டயாலிசிஸ் மையங்களுக்கான பட்டியல் அது. கம்பெனி பதினோரு மையங்களுக்கு மென்பொருள் செய்து கொடுக்கிறது. காலை ஷிப்ட் நோயாளிகள் இறங்கியதும் இரண்டு மணி ஷிப்ட் நோயாளிகள் ஏறவேண்டும், யாருக்கு முதலில் மெஷின் என்று அந்தப் பட்டியல் சொல்லும். பழைய நிரல் அதை இரண்டு தடவை வரிசைப்படுத்தியது. முதலில் டாக்டர் போட்ட அவசர எண்படி, பிறகு வரவேண்டிய நேரப்படி. ஏன் இரண்டு தடவை என்று அவளுக்கு நேற்று எரிச்சலாகத்தான் இருந்தது. இரண்டாவது வரிசைப்படுத்தலைத் தூக்கிவிட்டு வேகமான ஒன்றை வைத்தாள். அதற்கு மேலே, வேலையை விட்டுப் போன யாரோ ஒருவர், இந்த முறையை மாற்றாதீர்கள், காரணம் இருக்கிறது என்று ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தார். காரணத்தை எழுதவில்லை. பார்க்க அசிங்கமாக இருக்கிறதென்று அவள் அந்தக் குறிப்பையும் அழித்தாள். அழித்தபோது விரல் பட்ட பொத்தானின் வழவழப்புகூட இப்போது விரலில் இருந்தது. இரண்டு மணிக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் நேரம் இரண்டு மணிதான், எல்லோரும் சம மதிப்பு. அவர்களுக்குள் யார் முதலில் என்பதை டாக்டரின் எண்தான் சொல்லவேண்டும், அந்த எண்ணைத்தான் அவளுடைய வேகமான முறை மறந்துவிடும். சோதனையில் பாஸ் ஆனதே? ஆனது. சோதனைப் பட்டியலில் பத்துப் பேர், பத்துப் பேருக்கும் வேறு வேறு நேரம். அந்தப் பத்துப் பேரையும் உண்டாக்கியவள் அவள்தான். எட்டு, எட்டேகால், எட்டரை என்று சோம்பேறித்தனமாகக் கால் மணி கூட்டிக்கொண்டே போய் நிரப்பினாள்.

இன்றைக்குப் பன்னிரண்டு மணிக்கு அந்த மாற்றம் எல்லா மையங்களுக்கும் போகிறது. காலை ஷிப்டுக்கும் மத்தியான ஷிப்டுக்கும் நடுவில் போட்டால்தான் யாருக்கும் இடைஞ்சல் இருக்காது என்று பத்ரி குறித்த நேரம். ஜெசிந்தா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து ஐம்பத்தைந்து. பரீட்சை பத்து மணிக்கு ஆரம்பித்தது, ஒரு மணிக்கு முடியும், பாதி நேரம் ஆகும்வரை, அதாவது பதினொன்றரைக்கு முன்னால், யாரும் எழுந்திருக்கக் கூடாது, எழுந்து போனால் திரும்ப உள்ளே வரக்கூடாது. இதை ஒவ்வொரு பரீட்சையிலும் ஆரம்பத்தில் வாசிப்பார்கள், கல்யாண வீட்டில் ரேடியோ பாடுவதைப்போல யாரும் காது கொடுப்பதில்லை. செல்போன் வராந்தாவில், வரிசையாகக் கிடக்கும் நாற்பது பைகளுக்கு நடுவில், அவளுடைய நீலப் பைக்குள் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் அந்தப் பையின் வார் மட்டும் தெரிந்தது. அவ்வளவு பக்கம். எழுந்து நாலு எட்டு வைத்து ஜன்னல் கம்பிக்குள் கையை விட்டால் எடுத்துவிடலாம் என்பதுபோல.

ஆனால் யார் கண்டது, மையத்தில் இருப்பவர்களுக்குத் தெரியாதா என்ன. மரகதம் அக்காவுக்குத் தெரியும். ஆறு மாதத்துக்கு முன்னால், பயிற்சிக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒரு மையத்தைப் போய்ப் பார்க்கவேண்டும் என்று கம்பெனி அனுப்பியபோது, அவளுக்குச் சுற்றிக் காட்டியவள் அந்த டெக்னீசியன் அக்காதான். எட்டு மெஷின், எட்டுப் படுக்கை, எல்லோருக்கும் கால்வரை போர்வை. சிங்காரவேலு என்று ஒருவர், அப்பா வயசு இருக்கும், கால் வீங்கி வீங்கிச் செருப்பு வார் மாட்டமுடியாமல் வாரை மடித்து மிதித்துக்கொண்டு நடந்து வந்தார். நாலு எட்டுக்கு ஒரு தடவை நின்று வாயால் மூச்சு வாங்கினார். "ரெண்டு நாள்ல எவ்வளவு தண்ணி ஏறியிருக்குனு பாருங்க, இவரை மாதிரி ஆளுங்கள முதல்ல ஏத்திடணும், அரை மணி தள்ளினாக்கூட நெஞ்சுக்குள்ள தண்ணி கட்டிக்கும்" என்றாள் மரகதம். "யாரை முதல்ல ஏத்தணும்னு நீங்களே பார்த்து முடிவு பண்ணுவீங்களாக்கா?" என்று இவள் கேட்டதற்கு, அவள் கையுறையைக் கழற்றிக்கொண்டே சிரித்தாள். "எட்டு பேரும் மூச்சு வாங்கிட்டுத்தான்மா வர்றாங்க. பார்த்தா எல்லாரும் ஒண்ணுபோலத்தான் இருக்கும். டாக்டர் ரத்த ரிப்போர்ட்டைப் பார்த்து நம்பர் போடுறாரு, உங்க லிஸ்டு வரிசையாக் காட்டுது, நான் ஒவ்வொருத்தரா ஏத்துறேன். எனக்கு உங்க லிஸ்டுதான்மா கண்ணு." கண்ணு. அப்போது அந்த வார்த்தை இவளுக்கு எவ்வளவு இனித்தது. அன்று விடுதிக்கு வந்ததும் அம்மாவுக்குப் போன் போட்டு அதைச் சொன்னாள். அம்மா திண்டுக்கல்லில் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தாள். எங்க பாப்பா வேலையும் பார்க்குறா, எம்.டெக்.கும் படிக்கிறா, ஆஸ்பத்திரிக்கெல்லாம் அவ எழுதுறதுதான் ஓடுது.

வேலையும் படிப்பும். பி.எஸ்ஸி. கடைசி வருஷத்தில் கம்பெனி கல்லூரிக்கே வந்து ஆள் எடுத்தபோது அது இரண்டு லட்டு போலத்தான் இருந்தது. திங்கள் முதல் வெள்ளிவரை கம்பெனியில் தொழில் பழகவேண்டும், சனிக்கிழமை முழுக்க வகுப்பு, ஞாயிற்றுக்கிழமை அசைன்மென்ட். படிப்பை முடித்த பிறகும் மூன்று வருஷம் அங்கேயே இருக்கவேண்டும். அசல் சான்றிதழ்கள் எல்லாம், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் உட்பட, கம்பெனி பீரோவில். ஒரு பாடத்தில் அரியர் விழுந்தாலும் பயிற்சி ரத்து. கம்பெனியில் அவளை ஸ்டூடண்ட் என்று கூப்பிடுகிறார்கள். ஸ்டூடண்ட், இந்தப் பரீட்சை எல்லாம் வேலை நேரத்துல படிக்காதே. கல்லூரியில் அவளைக் கம்பெனிக்காரி என்கிறார்கள். கம்பெனிக்காரங்க எல்லாம் பின்னாடி பெஞ்சுல தூங்குங்க, குறட்டை மட்டும் விடாதீங்க. இரண்டு இடத்திலும் அவள் இன்னொரு இடத்து ஆள். போன வருஷம் காய்ச்சல் வந்தபோது எந்த இடத்துக்கு லீவ் சொல்வது என்று தெரியாமல் இரண்டு இடத்துக்கும் போனாள். பதினான்கு மாதத்தில் ஒரு தடவைதான் ஊருக்குப் போனாள், அதுவும் கிறிஸ்துமஸ் அன்று, மடிக்கணினியோடு. சாப்பிடும்போதுகூட அதை மூடாததால், அப்பா எதிரே உட்கார்ந்து கறிக் குழம்பைத் தானே ஊற்றிக்கொண்டு சாப்பிட்டார். எதுவும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் அன்றைக்கே அழுதிருப்பாள், அழுதிருந்தால் அப்பா வந்துவிடு என்று சொல்லியிருப்பார், சான்றிதழ் பீரோவில் இருக்கிறதே அப்பா. மணி என்ன. பதினொன்று ஐந்து. பத்து நிமிஷம் போய்விட்டது, ஒரு வரி எழுதவில்லை. இதுவரை எழுதியது எத்தனை மார்க்குக்கு வரும்? இரண்டு மார்க் கேள்விகள் பத்தும் முடித்தாயிற்று, பதினாறு தேறும். பதினோராவது முழுசு, பன்னிரண்டு போடலாம். பன்னிரண்டாவதில் பாதி. பதின்மூன்றில் பாதி. தாராளமாகப் போட்டால் நாற்பது. ஐம்பது வேண்டும்.

கை தானாக உயர்ந்துவிட்டது. மேற்பார்வையாளர் வந்தார். நடுத்தர வயது, சட்டைப்பையில் இரண்டு பேனா, தினக்கூலி மாதிரி ஒரு சலிப்பு முகத்தில். "கூடுதல் தாளா?" என்றார். "சார், ஒரே ஒரு போன் பண்ணணும். நீங்க பக்கத்துல நின்னுக்கோங்க. ஆபீஸ்ல ஒரு தப்பு நடந்திருக்கு, இப்பவே சொல்லணும்." அவர் அவளைப் பார்த்த பார்வையில் முதலில் சந்தேகம், அப்புறம் கொஞ்சம் வேடிக்கை. "ஆபீஸ்ல தப்பு நடந்தது இங்க உக்காந்து எப்படிம்மா தெரிஞ்சுது?" என்றார். அவள் வாயைத் திறந்தாள். இந்தப் பதின்மூன்றாவது கேள்வி சார் என்று எப்படிச் சொல்வது? "நோயாளிங்க விஷயம் சார்." "டாக்டருங்க இருப்பாங்கல்ல? நீங்க ஒரு மணி நேரம் இல்லைன்னா உங்க கம்பெனி ஓடாதாம்மா? போன்னு சொன்னா எனக்குத்தான் மெமோ. பதினொன்றரைக்கு மணி அடிக்கும், பேப்பரைக் குடுத்துட்டு எங்க வேணா போங்க." குரல் கடுமையாக இல்லை. அதுதான் இன்னும் மோசம். முன்பெஞ்சில் இருந்தவன் திரும்பிப் பார்த்துவிட்டுத் தன் விடைத்தாளைக் கையால் மறைத்துக்கொண்டான். இடது கால் மரத்துப்போயிருந்தது. ஊன்றினால் ஆயிரம் எறும்பு. ஊன்றினாள்.

நிஜமாகவே அது தப்புதானா? ஒருவேளை பழைய நிரல் அவசர எண்ணை வேறு எங்காவது மறுபடி பார்த்திருக்கும். திரையைக் கண்ணுக்குள் கொண்டுவந்து மேலிருந்து கீழே வரி வரியாகப் படித்தாள். எங்கும் இல்லை. மறுபடி படித்தாள். இல்லை. ஆனாலும் பத்ரி பார்த்துத்தானே ஒப்புதல் கொடுத்தார்? பார்க்கவில்லை. திறந்து, கீழே உருட்டி, சரி என்று அமுக்கினார், அதை அவள் கண்ணால் பார்த்தாள், அவருக்கு வீட்டுக்குப் போக அவசரம், பெண்ணுக்கு நடன வகுப்பு. ஒப்புதல் கொடுத்தவர் பெயர்தான் பதிவில் இருக்கும். அவள் பயிற்சிக்கு வந்தவள். பயிற்சிக்கு வந்தவளுக்குத் தெரியாது என்று சொல்லிவிடலாம். திங்கள்கிழமை காலையில் போய், அப்போதுதான் கண்டுபிடித்ததுபோலக் கண்டுபிடிக்கலாம். இரண்டு ஷிப்ட் போயிருக்கும், மூன்று போயிருக்கும், பதினோரு மையம், ஒரு மையத்துக்கு எட்டுப் பேர், எல்லோருக்குமா ஏதாவது ஆகிவிடப் போகிறது? பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. அரை மணி பிந்தும், அவ்வளவுதான். அரை மணி தள்ளினாக்கூட என்று மரகதம் சொன்ன குரலில் அந்த வாக்கியம் பாதியில் நின்று நின்று திரும்பியது. சிங்காரவேலு வாரை மிதித்துக்கொண்டு நடந்து வருகிறார். மூச்சு. நாலு எட்டு. மூச்சு. பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. கிறிஸ்துவே, இதைப் பதினான்காம் கேள்வியாக வைத்திருக்கக் கூடாதா, எழுதி எழுதிக் களைத்துப் பன்னிரண்டரைக்கு இதற்கு வந்திருந்தால், எல்லாம் முடிந்த பிறகு தெரிந்திருக்கும், தெரிந்தும் செய்ய ஒன்றும் இருந்திருக்காது. அந்த நினைப்பில் ஒரு நிம்மதி இருந்தது. நிம்மதி வந்ததைக் கவனித்ததும் பேனாவைக் கீழே வைத்தாள்.

மணி அடித்தது. பதினொன்றரை. கடைசி வரிசையில் இரண்டு பேர் காத்திருந்ததுபோல எழுந்து, தாளைக் கொடுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே வெளியே போனார்கள். மேற்பார்வையாளர் அவளைப் பார்த்தார், கதவைக் காட்டித் தலையசைத்தார். ஜெசிந்தா எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்கத்தான் போகிறேன், பன்னிரண்டுக்குத்தானே, பத்து நிமிஷம் எழுதினால் பதின்மூன்றை முடித்துவிடலாம் என்று குனிந்தாள். என்ன வேகமாகக் கை ஓடியது. உயரம், வகுப்பு, அம்புக்குறி போட்ட படம், ஒவ்வொரு முறைக்கும் எத்தனை ஒப்பீடு என்ற கணக்கு, எல்லாம் சுத்தமாக வந்தது. இரண்டு நிமிஷத்துக்கு முன் அவளை நடுங்கவைத்த அதே விஷயத்தை இப்போது அவள் அழகான கையெழுத்தில், கோடு போட்டு, மார்க்குக்காக எழுதிக்கொண்டிருந்தாள். எழுதும்போதே அது தெரிந்தது. தெரிந்தும் கை நிற்கவில்லை. பதினொன்று நாற்பது. முடிந்தது. ஐம்பதை நெருங்கிவிட்டது, நாற்பத்தாறு, நாற்பத்தேழு, பன்னிரண்டாவதன் மிச்சப் பாதியையும் முடித்துவிட்டால் கரை ஏறிவிடலாம், ஒரு பக்கம்தான், ஏழு நிமிஷம்தான். ஏழு நிமிஷத்தில் என்ன ஆகிவிடும்? எழுத ஆரம்பித்தாள். அந்தப் பக்கத்தின் நடுவில், அம்மா தெருவில் சொல்லிக்கொண்டு போனாளே, அவ எழுதுறதுதான் ஓடுது, அது வந்தது. எட்டாவது வரியில் ஒரு சொல்லைத் தப்பாக எழுதி அடித்தாள். அடித்த கோடு தாளைக் கிழித்தது. கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்று ஐம்பத்தொன்று. ஏழு நிமிஷம் என்று நினைத்தது பதினொன்றாகியிருந்தது, பக்கம் இன்னும் முடியவில்லை, முடிந்தால் அடுத்த பக்கம் கூப்பிடும் என்று அவளுக்கு அப்போது தெரிந்துவிட்டது. எழுந்தாள். மரத்த கால் மடங்கிப் பெஞ்சில் இடித்தது. தாள்களை நூலால் கட்டாமலே நீட்டினாள். மேற்பார்வையாளரே வாங்கிக் கட்டினார். "இன்னும் ஒரு மணி நேரம் இருக்கேம்மா, நல்லாத்தானே எழுதிட்டு இருந்தீங்க?" என்றார். "தெரியும் சார்" என்றாள்.

பையைத் திறந்து, செல்போனை உயிர்ப்பித்தாள். அது தன்னைத் தயாரித்த கம்பெனியின் பெயரைக் காட்டி, ஒரு வட்டத்தைச் சுற்றி, மறுபடி பெயரைக் காட்டியது. வராந்தாவில் வெயில் பைகளின் மேல் விழுந்துகொண்டிருந்தது. பதினொன்று ஐம்பத்து நாலு. வட்டம். எதற்கு இத்தனை சுற்று. சிக்னல் ஒரு கோடு வந்தது. பத்ரியின் எண் அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தாள். "ஜெசி? உனக்கு எக்ஸாம் இல்ல?" "சார், அதைப் போடாதீங்க. பன்னிரண்டு மணிக்குப் போறதை நிறுத்துங்க." "என்னாச்சு? டெஸ்ட் எல்லாம் பாஸ் ஆயிடுச்சேம்மா." "டெஸ்ட்ல எல்லாருக்கும் வேற வேற டைம் சார். ரெண்டு மணிக்காரங்க எல்லாருக்கும் ஒரே டைம். டாக்டர் போட்ட நம்பர் கலைஞ்சிடும். நான் பழைய ஸார்ட்டைத் தூக்கிட்டேன், அதுக்கு மேல ஒரு குறிப்பு இருந்துச்சு, அதையும் அழிச்சிட்டேன்." ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். அந்தப் பக்கம் விசைப்பலகைச் சத்தம். அது நின்றது. மறுபடி தட்டியது. அவள் சுவரில் சாய்ந்து நின்று, உள்ளே தன் காலி பெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு முன்னால் இருந்தவன் இப்போது தாராளமாகக் கையை விரித்து எழுதிக்கொண்டிருந்தான். "ஆமா" என்றார் பத்ரி கடைசியில், வேறு குரலில். "ஒரு சென்டரை எடுத்து ஓட்டிப் பார்த்தேன். டாக்டர் முதல்ல போடச் சொன்ன ஆள் ஆறாவதா நிக்கிறாரு. நிறுத்திட்டேன். பழசே ஓடட்டும்." அவர் மூச்சு விடுவது கேட்டது. "ரெவ்யூ பண்ணது நான்தான்" என்றார், அவளிடம் சொல்வதுபோல இல்லாமல். "திங்கட்கிழமை இதுக்கு ரிப்போர்ட் எழுதணும். உன் பேரும் வரும், தெரியுமில்ல?" "தெரியும் சார்."

அவள் நினைத்தாள், இப்போது ஏதாவது நடக்கும் என்று. அழுகை வரும், அல்லது லேசாகிவிடும். இரண்டும் வரவில்லை. நாக்கு வறண்டிருந்தது, அவ்வளவுதான். நாற்பத்தேழோ நாற்பத்தெட்டோ, இரண்டு மாதம் கழித்து ரிசல்ட் வரும், அதுவரை ஒவ்வொரு நாளும் அந்த ஒன்றிரண்டு மார்க்கைத் தேடிக்கொண்டே இருக்கவேண்டும், கிழிந்த தாளுக்கு ஒரு மார்க் குறைப்பார்களா, படத்துக்கு ஒரு மார்க் கூட்டுவார்களா. "சரி," என்றார் பத்ரி, பழைய குரல் திரும்பியிருந்தது, "வெளிய வந்துட்டேல்ல? அப்போ ஒரு ஆட்டோ பிடிச்சு ஆபீஸ் வந்துடு. நீயே இதைச் சரி பண்ணிடு, சாயங்காலம் போட்டுடலாம். எப்படியும் உன் எக்ஸாம் முடிஞ்சுதே." ஜெசிந்தா வராந்தாவுக்கு வெளியே பார்த்தாள். படிக்கட்டில் யாரும் இல்லை. அதற்கு அப்பால் ஒரு தண்ணீர்க் குழாய், கைப்பிடி உடைந்த ஒரு சிமென்ட் பெஞ்சு. இந்த நேரத்துக்கு அவள் எங்கே இருக்கவேண்டும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. கல்லூரிக்கு அவள் போய்விட்டவள். கம்பெனிக்கு அவள் இன்னும் வராதவள்.

"இல்ல சார்" என்றாள். "பரீட்சை ஒரு மணிக்குத்தான் முடியும்."

"நீதான் வெளிய வந்துட்டியே?"

"ஆமா சார், வந்துட்டேன். ஒரு மணிக்குத்தான் முடியும்."

அவர் என்ன சொன்னார் என்று அவள் கேட்கவில்லை. செல்போனை அணைத்துப் பைக்குள் போட்டாள். படி இறங்கிப் போய்க் குழாயைத் திறந்து, இரண்டு கையாலும் ஏந்திக் குடித்தாள். பிறகு அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து, மரத்த காலைச் செருப்பிலிருந்து எடுத்து மேலே நீட்டி வைத்துக்கொண்டாள்.